மூங்கில் இலையின் கறுப்புப் புள்ளி

எதை உள்ளே வைத்தாலும் அது வெள்ளை வெளேரென்ற சாம்பலாகத்தான் வெளியே வர வேண்டும் என்பது அவருடைய கட்சி. மண் ஆராய்ச்சிக் கூடத்தின் உலை அறையில் முப்பத்தோரு வருடமாக அவர் செய்துவரும் வேலை அது ஒன்றுதான். மண், வேர், சாணம், இலை, ஒருமுறை யாரோ விளையாட்டுக்குக் கொடுத்த செருப்பு வார் என்று எது வந்தாலும் பீங்கான் கிண்ணியில் எடை போடுவார், உலைக்குள் தள்ளுவார், மிஞ்சியதை மறுபடி எடை போடுவார். எரிந்தது எவ்வளவு, எரியாமல் நின்றது எவ்வளவு என்று அவர் எழுதிக் கொடுக்கும் எண்களை வைத்துத்தான் மேல்மாடிப் படிப்பாளிகள் கட்டுரை எழுதிப் பெயர் வாங்கினார்கள். அவர் வாங்கிய பெயர் சாம்பலார். கிண்டலுக்கு வைத்ததுதான். போகப் போக இயக்குநரே அப்படிக் கூப்பிட ஆரம்பிக்க, வருகைப் பதிவேட்டில் இருக்கும் சொந்தப் பெயர் அவருக்கே வேற்றாள் பெயர்போல ஆகிவிட்டது.

சாம்பலாருக்குத் தன் சாம்பல்மேல் அப்படியொரு கர்வம். விருந்தினர் யாராவது வந்தால் இயக்குநர் அவர்களை உலை அறைக்கு அழைத்துவந்து கிண்ணிகளைக் காட்டுவார். துளி கறுப்பு இருக்காது. இருக்க விட மாட்டார். படிப்பாளிகள் கொடுக்கும் தாளில் ஐநூறு டிகிரி என்று எழுதியிருக்கும். அரைவேக்காட்டுக்காரர்கள் அப்படித்தான் எழுதுவார்கள் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டு, குமிழை எண்ணூற்றைம்பதுக்குத் திருப்பிவிடுவார். பதிவேட்டில் ‘தாளில் கண்டபடி’ என்று எழுதிக் கையெழுத்தும் போடுவார். அதைப் பொய் என்று அவர் நினைத்ததே இல்லை. கேட்டதற்கு மேலேயே செய்து கொடுப்பது எந்த ஊரில் பொய்?

அந்தக் கர்வத்துக்கு வேட்டு வைத்தது ஒரு கம்பிச்சுருள். மின்சார உலைக்குள் சூடேற்றும் இரண்டு சுருள்களில் ஒன்று அறுந்துபோயிற்று. மிச்சமிருந்த ஒன்றை வைத்துக்கொண்டு உலை முக்கி முனகி ஐநூறு வரைக்கும் ஏறியது. அதற்கு மேல் சண்டித்தனம் பண்ணியது. புதுச் சுருள் வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். அன்றைக்குப் பார்த்து, மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகாத டாக்டரம்மா, பன்னிரண்டு பொட்டலம் மூங்கில் சருகோடு வந்து நின்றார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, மண்ணைப் படித்துப் பட்டம் வாங்கியவர்.

“பத்து நாள் பொறுங்க டாக்டர். உலைக்கு உடம்பு சரியில்ல.”

“ஐநூறு போகுமா?”

“அதுவரைக்கும் போகும்.”

“எனக்கு அதுதான் சார் வேணும். தாள்லயும் அதான் எழுதியிருக்கேன்.”

எழுதினால் ஆயிற்றா? மனசே இல்லாமல்தான் வைத்தார். மறுநாள் காலை கதவைத் திறந்தபோது அவருக்கு மானமே போய்விட்டது. பன்னிரண்டு கிண்ணியிலும் சாம்பல் எலித்தோல் நிறத்தில் கிடந்தது. அங்கங்கே மை தெளித்த மாதிரி கறுப்பு வேறு. முப்பத்தோரு வருடத்தில் இப்படி ஒரு கிண்ணியை அவர் கைவிட்டு வெளியே அனுப்பியதில்லை. டாக்டரம்மா வந்ததும் முந்திக்கொண்டார்.

“வேகல டாக்டர். சுருள் வந்ததும் திரும்ப வெச்சுத் தரேன். இத யார் கண்ணுலயும் காட்டிடாதீங்க.”

டாக்டரம்மா ஒரு கிண்ணியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பார்த்தவர் மீதிக் கிண்ணிகளை இரண்டு கையாலும் வளைத்துக்கொண்டார்.

“ஐயோ சார், தொட்டுடாதீங்க!”

அன்று பிற்பகல் அவர் சாம்பலாரை மேல்மாடிக்குக் கூப்பிட்டனுப்பினார். சாம்பலை அமிலத்தில் கழுவி, கரைவதெல்லாம் கரைந்தபின் அடியில் தங்கிய தூளில் ஒரு சொட்டை நுண்ணோக்கியின் கீழே வைத்திருந்தார். சாம்பலார் இத்தனை வருடத்தில் அந்தக் கருவியில் கண் வைத்தவரில்லை. எரித்துக் கொடுப்பதோடு தன் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டவர். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஏதோ கிணற்றை எட்டிப் பார்ப்பவர்போலக் குனிந்தார்.

முதலில் தன் இமை மயிர்தான் தெரிந்தது. டாக்டரம்மா திருகைத் திருப்பினார். சட்டென்று ஓர் உலகம் கண்ணுக்குள் வந்து உட்கார்ந்தது. கண்ணாடித் துண்டுகள், நூற்றுக்கணக்கில். உடைந்த கண்ணாடி இல்லை. ஒவ்வொன்றையும் யாரோ உட்கார்ந்து இழைத்துச் செய்தது மாதிரி வடிவம். குதிரைச் சேணம்போலச் சில, விசிறிபோலச் சில, இரண்டு பக்கமும் பல் வைத்த சீப்புபோலச் சில. ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் குட்டியாக ஒரு கறுப்புப் புள்ளி.

“இதெல்லாம் எங்க இருந்துச்சு?”

“நீங்க எரிச்ச இலைக்குள்ளதான். மூங்கில் வேர் தண்ணிய உறிஞ்சும்போது மணல் சத்தையும் சேத்து உறிஞ்சிடும். தண்ணி இலை வழியா ஆவியாப் போயிடும், மணல் சத்து போக வழியில்லாம அங்கயே கண்ணாடியா உறைஞ்சிடும். உறையும்போது உள்ள என்ன இருந்துச்சோ அதையும் சேத்து மூடிடும்.”

“அந்தக் கறுப்பு?”

“கரி. இலை காத்துலேர்ந்து இழுத்த கரி. இலை உதிர்ந்து மக்கினா பெரும்பாலும் திரும்பக் காத்துக்கே போயிடும். ஆனா கண்ணாடிக்குள்ள மாட்டினது போகாது. மழை கரைக்காது, பூச்சி திங்காது. மண்ணுக்குள்ள ஆயிரக்கணக்கான வருஷம் அப்படியே கெடக்கும்.”

சாம்பலார் நிமிரவில்லை. ஆயிரக்கணக்கான வருஷம் என்ற சொல்லைக் காதில் வாங்கிக்கொண்டு அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கிலோ சருகை எரித்தாலும் இந்தக் கறுப்பில் ஒரு சிட்டிகைதான் தேறும். ஆனால் மலைச்சரிவு முழுக்க மூங்கில், வருடம் தவறாமல் இலை கொட்டுகிறது. கொட்டுகிற ஒவ்வொரு இலைக்குள்ளும் இப்படி ஆயிரம் சிமிழ். கண்ணுக்குத் தெரியாத இந்தச் சிமிழ்களை மூடி மூடி அந்தச் சரிவு மண்ணுக்குள் போட்டுக்கொண்டே இருக்கிறது, யாரும் கேட்காமல், யாருக்கும் சொல்லாமல். அவருக்குப் பிடரி மயிர் சிலிர்த்தது.

“என் உலையிலகூடப் போகலையே,” என்றார். தோற்றுப்போன குரல் இல்லை அது, சந்தோஷமான குரல்.

“ஐநூறுல போகாது சார். எண்ணூறத் தாண்டினா கண்ணாடி இளகிடும். உள்ள இருக்கிறது எரிஞ்சு போயிடும். வெறுங்கண்ணாடிதான் மிஞ்சும்.” டாக்டரம்மா தன் குறிப்பேட்டைத் திறந்தார். “சொல்லப்போனா இந்த மலையில கரி இல்லைன்னுதான் ஒரு பழைய அறிக்கை சொல்லுது. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி, இதே கூடத்துலேர்ந்து. கண்ணாடி இருக்கு, உள்ள காலின்னு. அதைப் படிச்சிட்டுத்தான் சந்தேகத்தோட வந்தேன்.”

சாம்பலார் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தார். அந்த அறிக்கையை எழுதியவள் அவருடைய தங்கை.

அவரைவிடப் பதினான்கு வயது இளையவள். அவர்தான் தூக்கி வளர்த்தார், அவர்தான் படிக்கவைத்தார், அவர் உலை எரித்த கட்டடத்தின் மேல்மாடியிலேயே அவள் வேலைக்கு வந்தபோது நாலு நாள் தரையில் கால் பாவாமல் திரிந்தார். மூங்கில் கரியைப் பூட்டி வைக்கிறது என்று நிரூபித்துக் காட்டுகிறேன் என்று அவள் இரண்டு வருடம் அந்தச் சரிவே கதியாகக் கிடந்தாள். ஒன்றரை ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டி, தானே இறங்கி, சாணுக்குச் சாண் மண் எடுத்தாள். குழியின் அடியில் கிடைத்த அடுப்புக்கரித் துண்டு ஒன்றுக்கு வயது பார்த்ததில், அந்த அடுக்கு நாலாயிரம் வருடத்துக்கு முந்தியது என்று வந்தது. இனி அந்த மண்ணில் இருக்கும் கண்ணாடித் துகளுக்குள் கரி இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்றுதான் பாக்கி. மாதிரிகளை எரிக்க அண்ணன் உலைக்குத்தான் வந்தன.

தங்கச்சி வேலையாயிற்றே என்று அவர் அதைக் கூடுதல் கவனத்தோடு செய்தார். மற்றவர்களுடையது நாலு மணி நேரம் எரியும்; அவளுடையது ஆறு மணி நேரம். வந்த சாம்பல் முல்லைப்பூ மாதிரி இருந்தது.

கண்ணாடி இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. ஆண்டுக் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று, ‘நான் நினைத்தது தவறு’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இரண்டாவது மாதம் வேலையை விட்டாள். “விடு பாப்பா, காத்துல வந்தது காத்துலயே போச்சு,” என்று அண்ணன் ஆறுதல் வேறு சொன்னார். இப்போது அவள் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறாள். சிரிக்கிறாள், பேசுகிறாள், பண்டிகை நாளுக்கு வருகிறாள். ஆனால் மூங்கில் என்ற சொல் அவள் காதுபட யாரும் பேசுவதில்லை. வீட்டில் இருக்கும் மூங்கில் அலமாரிமேல்கூட, அவள் வருகிறாள் என்றால் சாம்பலாரின் மனைவி ஒரு போர்வையைப் போர்த்திவிடுவாள்.

சாம்பலார் அன்று டாக்டரம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. நேரே அடித்தளத்துக்கு இறங்கினார். எரித்ததுபோக மீதி மாதிரியைத் தகர டப்பாவில் போட்டு வைப்பது கூடத்தின் வழக்கம், சாவியும் அவரிடம்தான். ஏழாவது அலமாரியின் அடித்தட்டில் இருந்தன தங்கையின் டப்பாக்கள், மூடிமேல் அவளுடைய குண்டு குண்டு எழுத்தோடு. இருபத்திமூன்றாம் டப்பாதான் குழியின் அடிமண். அதை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறினார்.

ஐநூறு. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தாளில் கண்டபடி. சூடு காட்டும் முள் ஐநூற்றைத் தொட்டதும் உலைக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார், அறுந்த சுருள் தானே முளைத்து வந்து சூட்டை ஏற்றிவிடுமோ என்று பயந்தவர்போல. மண்ணைக் கழுவிப் பிரிக்க டாக்டரம்மாவுக்கு இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் பார்த்தார்கள். கண்ணாடி விளிம்பெல்லாம் தேய்ந்து, ஆற்றுக்கல் மாதிரி வழுவழுத்திருந்தது. உள்ளே புள்ளி இருந்தது. நாலாயிரம் வருடத்துக்கு முன்னால் அந்தச் சரிவில் அடித்த காற்றிலிருந்து ஒரு துணுக்கு, இன்னும் வெளியே வராமல் அங்கேயே இருந்தது.

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார். டாக்டரம்மா குறிப்பேட்டை மூடிவைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“பழைய உலை சார். முள் தப்பாக் காட்டியிருக்கும்னு எழுதினாப் போச்சு. உங்க தங்கச்சி சொன்னது சரின்னு ஆயிடும். உங்களுக்கும் ஆறு மாசத்துல ஓய்வு. ஏன் வீணா?”

நல்ல மனசோடுதான் சொன்னார். சாம்பலாருக்கும் அது தேவாமிர்தமாக இருந்தது. வீட்டில் மனைவியிடம் சொன்னபோது அவளும், “முள்ளுன்னே சொல்லிடுங்க. உலைக்கு என்ன ரோஷமா வரப்போகுது?” என்றாள்.

தங்கைக்குக் காலை ஆறிலிருந்து மாலை ஏழு வரை பாடம். ஒரு மணி நேரம் தனியாகப் பேச வேண்டும் என்றால் பாடத்துக்குப் பெயர் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. கொடுத்தார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“இந்த வயசுல உனக்குக் கார் கேக்குதா? சரி, உக்காரு. இடது கால் சும்மா இருக்கட்டும். என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கு, பயப்படாத.”

காலி மைதானத்தை இரண்டு சுற்றுச் சுற்றினார்கள். மூன்றாவது சுற்றில், வளையத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, நேரே பார்த்தபடி, சாம்பலார் சொன்னார்.

“பாப்பா, உன்னோட இருபத்திமூணாம் டப்பாவத் திரும்ப எரிச்சோம். உள்ள கரி இருக்கு.”

அவள் பக்கத்து பிரேக் விழுந்தது. கார் குலுங்கி நின்றது. இரண்டு பேரும் முன்னால் போய்ப் பின்னால் வந்தார்கள்.

“என்ன சொல்றே?”

“கண்ணாடிக்குள்ள கரி இருக்கு. நானே பாத்தேன். அன்னைக்கு உலை… சூடு அதிகமாயிடுச்சு.”

“உலை முள்ளா?” அவள் முகம் வெளுத்திருந்தது. “முள் தப்பாக் காட்டுச்சா? அடக் கடவுளே. நீ பாவம், நீ என்ன பண்ணுவே.” சொல்லிக்கொண்டே அவர் தோளில் கை வைத்தாள்.

தலையை ஒருமுறை ஆட்டினால் போதும். ஆட்டத்தான் போனார். ஆனால் அந்தப் ‘பாவம்’ அவரை ஆட்ட விடவில்லை. பன்னிரண்டு வருடம் இழந்தவள் அவள், பரிதாபம் அவருக்கா?

“முள் சரியாத்தான் இருந்துச்சு பாப்பா. நான்தான் எண்ணூத்தம்பது வெச்சேன்.”

“தாள்ல ஐநூறுன்னு எழுதியிருந்தேனே.”

“எழுதியிருந்தே.”

“பதிவேட்டுல தாளில் கண்டபடின்னு போட்டிருந்தே. நான் போய்ப் பாத்தேன். ரெண்டு தடவ பாத்தேன்.”

“போட்டிருந்தேன்.”

“ஏன்?”

“வெள்ளையா வரணும்னு. உன்னோடதாச்சேன்னு… எல்லாருக்கும் நாலு மணி நேரம், உனக்கு ஆறு.”

கை தோளிலிருந்து போய்விட்டது. அவள் கதவைத் திறந்து இறங்கி, மைதானத்தின் மறுகோடி வரைக்கும் நடந்தாள். சாம்பலார் ஓட்டுநர் இருக்கையில் அப்படியே உட்கார்ந்திருந்தார். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தார். இனி அவள் தன் வீட்டுப் படி மிதிக்க மாட்டாள் என்றும் நினைத்தார். அழுகை வந்தது, அழுதார். அவள் திரும்பி வந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

“எறங்கு. நான் ஓட்டுறேன். எனக்கு அதப் பாக்கணும்.”

கூடத்தின் படியில் பன்னிரண்டு வருடம் கழித்து ஏறுகிறவள், எந்த அறை என்று யாரையும் கேட்கவில்லை. டாக்டரம்மா எழுந்து நாற்காலியைக் கொடுத்துவிட்டு விலகி நின்றார். தங்கை உட்கார்ந்தாள், திருகில் கை வைத்தாள். அந்தக் கை பழைய பழக்கத்தில் தானாகத் திருகிப் பார்வையைச் சரிசெய்தது.

சாம்பலார் சுவரோரம் நின்று அவள் முதுகையே பார்த்தார். அது அசையவே இல்லை. ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது.

“இயக்குநருக்கு எழுதிக் குடுக்கிறேன் பாப்பா. முள் மேலெல்லாம் பழி போட மாட்டேன். நான்தான் செஞ்சேன்னு, இங்க எரிச்ச மூங்கில் கணக்கு அத்தனையும் தப்புன்னு, என் பேரப் போட்டே எழுதிடறேன்.”

அவள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

“இது மேல மழை பெஞ்சிருக்கு,” என்றாள், கண்ணை எடுக்காமல், யாரிடமோ சொல்வதுபோல. “நாலாயிரம் வருஷ மழை. இதுக்கு மேல எத்தன காடு எரிஞ்சிருக்கும், எத்தன பேர் நடந்திருப்பாங்க. வெளிய வரவே இல்ல பாரேன்.”

பிறகு அவள் குரல் உடைந்தது.

“அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நின்னு தப்புன்னு சொன்னேனே. தப்பில்லையே. நான் சொன்னது சரியாத்தானே இருந்திருக்கு.”

“சரிதான் பாப்பா. நீ சொன்னது சரி.”

“இன்னொரு தடவ சொல்லு.”

“நீ சொன்னதுதான் சரி.”

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள். டாக்டரம்மா சத்தமில்லாமல் ஒரு காகிதத்தையும் பென்சிலையும் அவள் கைப்பக்கம் நகர்த்தி வைத்தார். அவள் பார்க்காமலேயே பென்சிலை எடுத்து ஒரு கோடு போட்டாள், பக்கத்தில் இன்னொரு கோடு. துகள்களை எண்ண ஆரம்பித்துவிட்டாள் என்பது சாம்பலாருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. சட்டைப்பையில் அவளுடைய தொலைபேசி அடித்து ஓய்ந்தது, அடுத்த பாடத்துக்காரர் போலிருக்கிறது.

“உன்ன நான் இன்னும் மன்னிக்கல,” என்றாள்.

“தெரியும்.”

“சும்மா நிக்காத. இருபத்திரெண்டாம் டப்பாவ எடுத்துட்டு வா.”